பித்துற்ற பிக்குவும் பட்டறைத் தொழிலாளியும்



சென்ற பௌர்ணமி உபோசத நாளன்று செகந்திராபாத்தில் அன்பர் ஒருவர் இல்லத்தில் கூடித் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றோம். கூட்டம் கலைந்த பின்னர் உபாசகர் ஒருவர் தனியே வந்து நம் அருகில் அமர்ந்தார். பாலாநகரில் சிறிய லேத்துப் பட்டறை நடத்துகிறவர். எட்டுப் பேருக்கு வேலை கொடுக்கிறவர். அவர் கேட்டது இது:

"ஐயா, என்னிடம் பதினோரு ஆண்டாக வேலை செய்யும் ஆள் ஒருவன் குடிக்கு அடிமையாகிவிட்டான். காலையில் வரும்போதே வாடை அடிக்கிறது, கை நடுங்குகிறது. நாமோ மதுவைத் தொடுவதில்லை என்று சீலம் எடுத்தவர்கள். அவனை வைத்துக்கொண்டிருப்பது சீலத்துக்குப் பங்கம் ஆகாதா? நாளை முதல் குடியை விடு, இல்லையேல் கணக்கை முடித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாமா?"

கேள்வி நேர்மையானது, கேட்டவரும் நல்லவர். அன்று அவருக்கு நாம் சொன்ன விடை சுருக்கமானது. அது போதாது என்று வீடு திரும்பும்போதே தோன்றியது. ஆதலின் ஈண்டு விரித்து எழுதுகின்றோம்.

முதலாவது, சீலத்தைப் பற்றியது. ஐந்தாம் சீலம் நாம் நமக்கே இட்டுக்கொண்ட வேலி. அயலான் குடிப்பதனால் நம் சீலம் உடைவதில்லை. மது விற்பது தகாத தொழில் என்று பகவான் உபாசகர்களுக்கு விலக்கியுள்ளார். குடித்தவனுக்கு வேலை கொடுப்பதை அவர் எங்கும் விலக்கவில்லை. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் நம் மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் மது அருந்தேன் என்பது ஒன்று. எல்லா உயிர்களிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காப்பேன் என்பதும் அதே வரிசையில் உள்ளது. முதலதை மனப்பாடம் செய்த நம்மில் பலர் இரண்டாவதை விரைவாகக் கடந்து விடுகின்றோம்.

இல்லறத்தார்க்கு வினய நூல் என்று போற்றப்படும் சிகாலோவாத சூத்திரத்தில் மதுவினால் வரும் ஆறு கேடுகளைப் பகவான் எடுத்துரைக்கின்றார். செல்வம் அழியும், சண்டை பெருகும், நோய் வரும், பெயர் கெடும், மானம் போகும், அறிவு மங்கும் என்பன அவை. இதை நம் மேடைகளில் பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே சூத்திரத்தின் பிற்பகுதியில், எசமானன் தன் பணியாளனுக்குச் செய்ய வேண்டிய ஐந்து கடமைகளும் உள்ளன. வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் தருதல், நோயுற்றபோது பேணுதல், நல்ல பண்டம் கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல் என்பன அவை. இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர்ச் சொல்லப்பட்ட இக்கடமைகளில் மூன்றாவதைக் கவனியுங்கள். எந்த நோய் என்று பகவான் பிரித்துக் கூறவில்லை. காய்ச்சலுக்கு மட்டும் என்றோ, கால் முறிவுக்கு மட்டும் என்றோ எல்லை கட்டவும் இல்லை.

குடி நோயா, கெட்ட பழக்கமா என்று உபாசகர் கேட்டார். தொடக்கத்தில் அது பழக்கம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் உடல் மதுவுக்குப் பழகிய பின்னர், மூளையும் நரம்பும் மது இருந்தால்தான் அமைதி அடையும் நிலைக்கு வந்துவிடுகின்றன. காலையில் கை நடுங்குவது முந்தைய இரவு குடித்த மதுவினால் மட்டும் அன்று. அந்த மது உடலினின்றும் இறங்குவதனால். நடுக்கத்தை அடக்கவே அவன் காலையிலும் குடிக்கின்றான். இத்தகையவனைத் திடீரென்று நிறுத்தச் சொன்னால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள், நான்காம் நாள் சித்தம் கலங்கி, இல்லாததைக் கண்டு அலறும் நிலை வரலாம். மருத்துவம் இல்லாவிடில் உயிரும் போகலாம். தகுந்த மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுத்து, மருத்துவர் கண்காணிப்பில் சில நாட்களில் இறக்கினால் பெரும்பாலோர் பிழைத்தெழுகின்றனர்.

நம் ஐதராபாத் நகரத்தார்க்கு இதைத் தொலைவிலிருந்து சான்று காட்ட வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகளும் கள்ளுக் காம்பவுண்டுகளும் மூடப்பட்டபோது, எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனைக்கு வலிப்பும் பிரமையும் கண்டவர்களை உறவினர் தூக்கிக்கொண்டு வந்தனர். அதற்கு முன் 2015 செப்டம்பரில், தெலங்கானாவில் கலப்படக் கள்ளைத் தடுக்க அரசு முனைந்தபோதும் மாவட்டம் மாவட்டமாக இதே காட்சி. கள்ளில் டயசெபாம், அல்பிரசோலம், குளோரல் ஹைட்ரேட் என்னும் மயக்க மருந்துகளைக் கலந்து விற்றிருந்தனர். குடித்தவர்கள் தங்களை அறியாமலே அம்மருந்துகளுக்கு அடிமையாகியிருந்தனர். 2025 சூலையிலோ கூக்கட்பள்ளி வட்டாரத்தில் கலப்படக் கள் குடித்தவர்கள் மருத்துவமனைகளை நிறைத்தனர். சிலர் மாண்டே போயினர். அவர்களில் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள் எத்தனை பேர் என்று சொல்லவும் வேண்டுமோ?

"நாளை முதல் குடியை விடு" என்ற சொல்லின் பொருள் என்ன என்பதை நாம் புத்தகத்தில் படித்து அறிந்தவர் அல்லேம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை செய்தோம். நமக்கு அடுத்த சைடு பார்த்தவர் நம்மினும் மூத்தவர். அண்ணா என்றே அழைப்போம். இழை அறுந்தால் அவர் ஒட்டும் வேகத்தை மேஸ்திரியே நின்று பார்ப்பார். பின்னாளில் அவர் கை நடுங்கத் தொடங்கியது. இரவு ஷிப்டில் ஒரு நாள் அவர் சைடு முழுவதும் இழை அறுந்து கிடந்தது. மறுநாள் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. பணி நேரத்தில் போதையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார்கள். நாம் கையொப்பம் இட்டோம். பொய் ஒன்றும் எழுதவில்லை; வாடை அடித்தது உண்மைதான். குடியை விட்டேன் என்று நிரூபித்தால் உள்ளே வரலாம் என்று சொல்லி அவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அவர் மானமுள்ளவர். அன்றே விட்டார். மூன்றாம் நாள் பகல் ஷிப்டுக்குச் சங்கு ஊதிய வேளையில் வீட்டில் வலிப்பு வந்து விழுந்தார். நான்காம் நாள் உயிர் பிரிந்தது. குடித்தே செத்தான் என்றது ஊர். குடியை விட்டதனால் இறந்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் விளக்கியபோதுதான் நாம் அறிந்தோம். அவருடைய துணைவியாரிடம் அதைச் சொல்லப் போனோம். அவர் கேட்டுவிட்டுத் தேநீர் கொடுத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

அந்நாளில் நமக்குத் தம்மம் தெரியாது. தெரிந்திருந்தால் சாகதத் தேரர் நினைவுக்கு வந்திருப்பார்.

சாகதர் கொடிய நாகத்தை அடக்கிய பெரியவர். அப்புகழ் கேட்ட கோசாம்பி நகர மக்கள் வீட்டுக்கு வீடு மது வைத்து உபசரித்தனர். அவர் குடித்து நகர வாயிலில் வீழ்ந்து கிடந்தார். அங்கே பகவானும் பிக்குகளும் வந்தனர். பகவான் சொல்ல, பிக்குகள் அவரைத் தூக்கி ஆராமத்துக்குக் கொண்டு வந்து பகவானின் பக்கம் தலை இருக்குமாறு கிடத்தினர். அவரோ நினைவின்றிப் புரண்டு பகவானை நோக்கிக் கால் நீட்டிப் படுத்துவிட்டார். முன்பு பணிவோடு இருந்தவர் இப்போது எப்படி ஆகிவிட்டார் பாருங்கள் என்று பிக்குகளுக்குச் சுட்டிக்காட்டிய பகவான், மதுவுக்கு எதிரான வினய விதியை அன்று வகுத்தார். விதி எல்லோருக்கும் வந்தது. சாகதர் சங்கத்தை விட்டு விலக்கப்படவில்லை. பின்னர் அதே சாகதர் அருகத நிலை எய்தினார் என்பதும், தேஜோ தாதுவில் வல்லவர்களுள் முதல்வர் என்று பகவானாலேயே குறிக்கப்பட்டார் என்பதும் நூல்களில் உள்ளன. வாயிலில் கிடந்தவரைத் தூக்கி வராமல் விட்டிருந்தால் அந்த முதல்வர் எங்கிருந்து வந்திருப்பார்?

இனி, குடி இல்லாமலே சித்தம் நோயுற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வினயத்தில் கர்க்கர் என்னும் பிக்குவின் வரலாறு வருகின்றது. அவர் பித்துற்றிருந்தார். உபோசதத்துக்குச் சில நாள் நினைத்து வருவார். சில நாள் மறந்து போவார். எல்லோரும் கூடினாலன்றிச் சங்கம் உபோசதம் நடத்த இயலாது. பகவான் என்ன செய்தார்? கர்க்கர் நினைத்தாலும் மறந்தாலும், வந்தாலும் வராவிட்டாலும் சங்கம் தன் கடமையைச் செய்யலாம் என்று ஒரு சம்மதத்தைச் சங்கமே அறிவிக்குமாறு ஏற்பாடு செய்தார். அதாவது, அவர் இடம் அவருக்கே இருந்தது, வேலையும் தடைப்படவில்லை. பட்டறை நடத்துவோர் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

கதை அத்துடன் முடியவில்லை. கர்க்கர் குணமடைந்தார். பித்தம் தலைக்கேறியிருந்த காலத்தில் அவர் துறவிக்குத் தகாதன பலவும் செய்திருந்தார். சில பிக்குகள் அவற்றை எடுத்தெடுத்துக் காட்டி, இன்ன குற்றம் செய்தாய் நினைவிருக்கிறதா என்று துளைத்தனர். அப்போது நான் என் வசத்தில் இல்லை, எனக்கு நினைவில்லை என்று அவர் சொல்லியும் விடவில்லை. செய்தி பகவானிடம் சென்றது. அமூல்ஹ வினயம் என்னும் தீர்ப்பு முறை அன்று பிறந்தது. தெளிந்தவர் சங்கத்தின் முன் மும்முறை வேண்டிக் கேட்க, பித்துற்ற காலத்துச் செயல்களுக்கு அவர்மீது குற்றம் சாற்றுவதில்லை என்று சங்கம் தீர்த்து விடுவிக்கும். நினைவு இருந்தும் இல்லை என்று நடிப்பவனுக்கு அத்தீர்ப்புச் செல்லாது என்றும் பகவான் தெளிவாக வரையறுத்தார். இரக்கத்தில் ஏமாளித்தனம் கலக்க அவர் இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவு பழைய நீதியை நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 17ஆம் நாள் தன் வழியில் எட்டியது. மத்திய ரிசர்வ் போலீசுப் படையின் அதிகாரி ஒருவர் 2009 முதல் மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர். அவர் நடத்தையைக் காரணம் காட்டித் துறை விசாரணைகள் தொடங்கின. அந்நடத்தைக்கு மனநோய் ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலும் அவரைத் தண்டிக்கத் தொடங்குவது பாகுபாடே என்று நீதிமன்றம் கூறி, அந்நடவடிக்கையை நீக்கியது. இப்போதைய பணிக்கு அவர் தகுதியற்றவர் எனக் கண்டால் ஊதியம் குறையாமல் வேறு பணி தரலாம். அப்பணியில் துப்பாக்கி முதலியன அவர் கையில் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் விலக்கவோ தரம் தாழ்த்தவோ கூடாது என்ற 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டமே அதற்கு அடிப்படை. தனியார் பட்டறைக்கு அப்பிரிவு நேரே பொருந்தாது. ஆனால் நாம் சட்டத்துக்கு அஞ்சித்தான் கர்க்கருக்கு இடம் கொடுக்க வேண்டுமா? 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, மதுவினாலும் போதை மருந்தினாலும் விளையும் மனக்கேடுகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள் அடக்கியுள்ளது. உடல்நோயாளிக்கு உள்ள மதிப்பு மனநோயாளிக்கும் உண்டு என்கின்றது. பன்னாட்டுத் தொழில் அமைப்பும் 1996ஆம் ஆண்டின் நெறிமுறையில், தொழிலிடத்தில் மதுச் சிக்கலை மற்ற நோய்களைப் போலவே நடத்த வேண்டும் என்றும், தொழிலாளியின் செய்தியை இரகசியமாகக் காக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது.

ஈண்டு நம் சமூகத்தாரிடம் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லியாக வேண்டும். நம்மைக் குடிகாரக் கூட்டம் என்று இழித்துப் பேசியவர்கள் பலர். அந்தப் பழியைத் துடைக்கவே நம் முன்னோர் அரும்பாடு பட்டனர். 1898இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும், இந்த ஐதராபாத்தில் பாக்கியரெட்டி வர்மா ஆதி இந்து மக்களிடையே மதுவிலக்குப் பரப்பிப் புத்தர் பிறந்தநாளும் கொண்டாடியதும் நாம் மறக்கத் தகாதன. ஆனால் அந்த மானமே இன்று ஒரு தீங்கும் செய்கின்றது. வீட்டில் ஒருவர் குடிக்கு அடிமையானால், பழித்தவர் வாய்க்கு அவல் கொடுத்தது போல் ஆகுமே என்று மூடி மறைக்கின்றோம். மறைத்து மறைத்து நோயை முற்றவிட்டு இழந்த உயிர்கள் நம் தெருவில் எத்தனை! சாக்கடைக்குள் இறங்குகிறவர் நாற்றம் பொறுக்கக் குடிக்கின்றார். இறக்கியவர் யாரும் குடிகாரர் என்று பெயர் பெறவில்லை. 2019இல் நடுவண் அரசு வெளியிட்ட கணக்கின்படி இந்நாட்டில் 5.7 கோடிப் பேருக்கு மதுச் சிக்கலுக்கு உதவி தேவை. மதுவுக்கு முற்றும் அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிட்டியுள்ளது. 5.7 கோடிப் பேரும் ஒரே சாதியார் ஆக முடியாது என்பதைக் கணக்குத் தெரிந்தவர் யாரும் ஒப்புவர்.

மாதாப்பூர்ப் பக்கம் கணினி நிறுவனங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். அவர்களில் பலர் குடிப்பதில்லை, உறங்குவதும் இல்லை. அழைத்தால் எடுப்பதில்லை, பசி இல்லை, நான் எதற்கும் பயன்படமாட்டேன் என்ற பேச்சு. பெற்றோர் இதைச் சோம்பல் என்கின்றனர். பகவானும் ஆனந்தரும் விகாரங்களைச் சுற்றி வந்தபோது, வயிற்றுக்கடுப்பினால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைக் கண்டனர். யாரும் உன்னைப் பேணவில்லையா என்று கேட்டதற்கு, நான் மற்ற பிக்குகளுக்குப் பயன்படாதவன், ஆதலின் பேணவில்லை என்றார் அவர். பகவான் தாமே நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தலையும் காலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். நோயாளியைப் பேணுதல் தம்மையே பேணுதல் என்று பிக்குகளைக் கூட்டிச் சொன்னதும் அன்றுதான். பயன்படாதவன் என்ற அந்தச் சொல்லைப் பிள்ளைகள் வாயில் கேட்டால் அன்றே அருகில் உட்காருங்கள். 2022 அக்டோபர் 10 முதல் அரசு நடத்தும் டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

நோயாளி எல்லோரும் எளிதில் பேணத்தக்கவர் அல்லர் என்பதையும் பகவான் ஒளிக்கவில்லை. மருந்து உண்ணாதவர், நோயை உள்ளபடி சொல்லாதவர், அளவு அறியாதவர் பேணுதற்கு அரியவர் என்று வினயம் கூறுகின்றது. குடிநோயாளி பெரும்பாலும் இம்மூன்றும் ஆவார். பொய் சொல்வார், முன்பணம் கேட்பார், விட்டேன் என்று சொல்லி மீண்டும் வீழ்வார். ஹுசேன் சாகரில் நிற்கும் புத்தர் சிலையைப் பாருங்கள். 1990 மார்ச்சில் தெப்பம் கவிழ்ந்து அச்சிலை நீருள் மூழ்கியது. கொண்டு சென்ற தொழிலாளரிலும் சிலர் உயிரிழந்தனர். அவர்களை நினைத்தே அங்கே வணங்க வேண்டும் என்பது நம் எண்ணம். சிலையைத் தூக்கி 1992 டிசம்பரில் நிறுத்தும் வரை ஊர் இரண்டரை ஆண்டுக்கு மேல் பொறுத்திருந்தது. கல்லுக்குக் காட்டிய பொறுமையில் பாதியை ஓர் ஆளுக்குக் காட்டினால் போதும் என்று உபாசகரிடம் சொன்னோம். அவர் சிரித்தார், பின் நெடுநேரம் பேசாதிருந்தார்.

பின்னர் இருவரும் சேர்ந்து முடிவு செய்தவை இவை. அந்தத் தொழிலாளியை ஓடும் லேத்தினின்றும் உடனே மாற்றிச் சரக்கு எடுத்து வைக்கும் வேலையில் வைப்பது. கை போனால் சீலம் மீட்டுத் தராது. கூலியைக் குறைப்பதில்லை. கூட்டத்தில் வைத்துப் பேசாமல், வேலை முடிந்தபின் தனியே அழைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து, வாடையைப் பற்றி அன்று, கெட்டுப்போன வேலையைப் பற்றியும் நடுக்கத்தைப் பற்றியும் கேட்பது. இன்றே விடு என்று சொல்லாமல் மருத்துவரிடம் போவோம் என்று சொல்வது. மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கு அரைக்கூலியாவது, அவன் சம்மதத்துடன் அவன் மனைவி கையில் கொடுப்பது. மீண்டும் வீழ்ந்தால் மீண்டும் அழைத்துச் செல்வது. போதையோடு வந்த நாளில் மட்டும் கண்டிப்பாகப் பட்டறைக்குள் விடாமல் வீட்டுக்கு அனுப்புவது, கூலியும் அந்நாளுக்கு இல்லை. எத்தனை முறை அழைத்துச் செல்வது என்று கேட்டார். நம்மிடம் அதற்குக் கணக்கு இல்லை என்றோம்.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தொழிலாளர்க்கு வேறு வழியும் உண்டு. நோயுற்ற காலத்துக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். நீண்ட நாள் நோய்களுக்கென வகுத்த பட்டியலில் மனச்சிதைவு முதலிய மனநோய்களும் உள்ளன. அவற்றுக்கு 80 விழுக்காடு வீதம் இன்னும் நீண்ட காலம் கிடைக்கும். இதை அறியாமல் வேலையை விட்டு நின்றவர்களை நாமே பார்த்திருக்கின்றோம். உபாசகரின் சிறு பட்டறை அக்காப்பீட்டில் சேரவில்லை. ஆனால் எர்ரகட்டா அரசு மருத்துவமனை யாவர்க்கும் உரியது.

மெட்ரோ ரயிலில் எர்ரகட்டா நிலையமும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை நிலையமும் அடுத்தடுத்து உள்ளன. வரும் வியாழக்கிழமை காலை உபாசகரும் அத்தொழிலாளியும் நாமும் எர்ரகட்டா நிலையத்தின் கீழே எட்டு மணிக்குக் கூடுகின்றோம். அவர் வருவதாக ஒப்புக்கொண்டுள்ளார். வருவாரா என்பது அன்று தெரியும். தம் வீட்டிலோ தொழிலிடத்திலோ இத்தகைய துயரம் உள்ள அன்பர்கள் உடன் வரலாம். ஆதார் அட்டையும், காப்பீடு உள்ளோர் இ.எஸ்.ஐ. அட்டையும், முன்பு உண்ட மருந்துச் சீட்டு இருப்பின் அதனையும் கொண்டு வருக. யார் வந்தார் என்பதை நாம் எவரிடமும் சொல்லமாட்டோம்.